பிறந்த வீட்டுக் கோடி வந்தது

எங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் மூத்த மகன். ஏழாவது வரைதான் படித்தேன். தங்கச்சிமார் எழுதினால் அழுதுவிடுவார்கள் என்று அப்பா என்னை எழுதச் சொன்னார். "நடந்ததை எழுது. பூசி மெழுகாத" என்றார். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. பெரியவர்கள் வாசித்துச் சொல்லுங்கள்.

அம்மா பிறந்தது பம்பாய் தாராவியில். தாத்தாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சால் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அப்பா அடுத்த சந்து. அப்பாவின் அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் தோலுக்கு உப்புப் போடும் வேலை. சாதி வேறு. குழாய் ஒன்று.

அந்தக் குழாயில் ஒரு சட்டம் உண்டு. வரிசையில் குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. குடத்தைத் தள்ளினால் ஆளைத் தள்ளின மாதிரி. அடி விழும். சின்ன வயதில் ஒரு நாள் அம்மாவின் குடத்தை அப்பா காலால் தள்ளிவிட்டார். அம்மா அவர் கையைக் கடித்தார். ரத்தம் வந்த பிறகுதான் விட்டார். தழும்பு இன்னும் இருக்கிறது. மறுநாளிலிருந்து அம்மாவின் குடத்துக்கு அப்பாதான் இடம் பிடித்து வைத்தார். "பயம்ல" என்பார் அப்பா. "பயந்தாங்கொள்ளி" என்பார் அம்மா. கல்யாணம் ஆன பிறகும் அம்மா அப்பாவை "ஏல" என்றுதான் கூப்பிட்டார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அம்மா மாற்றவில்லை.

சினேகம் எப்போது வேறு மாதிரி ஆனது என்று அப்பாவிடம் கேட்டேன். "தண்ணி வந்த நேரத்தைக் கேளு, சொல்லுதேன். இதை எப்படில சொல்ல?" என்றார்.

மதராசிக்காரர்களை ஊரைவிட்டு விரட்டுகிறோம் என்று கூட்டமாக வந்து கடைகளை உடைத்த காலம் அது. தாத்தா கடைக்கும் வந்தார்கள். கடையில் இருந்தவர் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா. அவரைக் கீழே போட்டு மிதித்தார்கள். அப்பா உள்ளே புகுந்து அவர் மேல் விழுந்து படுத்துக்கொண்டார். மாமாவுக்கு விழ வேண்டிய இரும்புக் கம்பி அப்பா தலையில் விழுந்தது. அம்மா ஓடிவந்து தாவணியை அவிழ்த்து அப்பா தலையைக் கட்டினார். சால் முழுவதும் பார்த்தது. எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"என் உசிரைக் காப்பாத்தினான், சரி. அதுக்குத் தங்கச்சியைக் கொடுக்க முடியுமா?" என்றார் மாமா.

அம்மாவைக் கோலிக்குள், அந்த ஒற்றை அறை வீட்டுக்குள், போட்டுப் பூட்டினார்கள். பெல்ட்டால் அடித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா கையில் அம்மா தன் பித்தளைக் குடத்தை ஜன்னல் வழியே கொடுத்து அனுப்புவார். வரிசையில் அப்பா தன் குடத்தை அதை ஒட்டி வைப்பார். அவ்வளவுதான். பார்க்கவும் முடியாது, பேசவும் முடியாது.

ஒரு நாள் காலையில் மாமா குழாய்க்கு வந்தார். இரண்டு குடமும் ஒட்டி இருப்பதைப் பார்த்தார். கடைக்குப் போய்த் தேங்காய் வெட்டும் அரிவாளோடு திரும்பி வந்தார். தலைக்கு வந்த வெட்டை அப்பா இடது கையால் தடுத்தார். இரண்டு விரல் போயிற்று. சத்தம் கேட்டு அம்மா தகரக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தார். மாமா அடுத்த வெட்டுக்கு ஓங்கியிருந்தார். அக்கா பிடித்து வைத்திருந்த குடத்தை அம்மா தண்ணீரோடு தூக்கி மாமா முகத்தில் அடித்தார். மாமாவுக்கு ஒரு கண் அன்றோடு சரி. குடத்தில் பள்ளம் விழுந்தது.

அம்மா அந்தக் குடத்தோடு அப்பா வீட்டுக்குப் போனார். மாட்டுங்காவில் ஒரு கோயிலில் கல்யாணம். அப்பா கையில் கட்டு. தாலி முடிச்சை அம்மாவே இறுக்கிக்கொண்டார்.

"கல்யாண் ஊருப் பக்கம் போயிருவோம்" என்றாராம் அப்பா.

"ஏல, இது என் குழாய். நான் ஏன் போகணும்?" என்றாராம் அம்மா.

மாமா வீட்டார் அம்மாவின் குடத்தைச் சாக்கடையில் எறிவார்கள். அம்மா எடுத்துக் கழுவி மறுபடி வரிசையில் வைப்பார். கை வைத்தவர்களை அடிப்பார். அடியும் வாங்குவார். எனக்கு முன்னால் வயிற்றில் இருந்தது ஒரு மிதியில் போய்விட்டது. அதை அம்மா எங்களிடம் சொன்னதில்லை. அப்பா இப்போதுதான் சொன்னார்.

பிறகு மாமா செம்பூருக்குக் குடி போனார். அம்மா இட்லி அவித்துத் தலையில் சுமந்து விற்று எங்களை ஆளாக்கினார். விரல் இல்லாத கையோடு அப்பா மாவாட்டிக் கொடுத்தார்.

கடைசியில் அம்மாவுக்குக் கிட்னி கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்றுதான் கேட்டார். "நான் சுமங்கலியாப் போறேன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வரணும். அது வராம என்னை எடுக்கக் கூடாது."

"ஒத்தக்கண்ணன் கொண்டு வருவானாக்கும்" என்றார் அப்பா.

"வரலைன்னா கிடக்கேன். ஒனக்கு என்னல?"

அம்மா காலமானதும், நாமே ஒரு சேலை வாங்கிப் போட்டு எடுத்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. "கிடக்கேன்னு சொல்லிருக்கா. கிடக்கட்டும்" என்றார். நான் செம்பூருக்குத் துட்டி சொல்லப் போனேன்.

மாமாவே கதவைத் திறந்தார். "யாரு?"

"ஒங்க தங்கச்சி மகன். அம்மா தவறிட்டாங்க."

"எனக்குத் தங்கச்சி கிடையாது."

நான் நின்றேன். அவரும் கதவை மூடவில்லை.

"அந்தக் குடம் கிடக்கா?" என்றார்.

"இருக்கு மாமா."

"பள்ளத்தை எடுத்தாச்சா?"

"பாத்திரக்காரன் தட்டித் தாரேன்னான். அம்மா விடலை."

"திமிரு பிடிச்சவ" என்றார். சட்டையை மாட்டினார். வருகிற வழியில் ஆட்டோவை நிறுத்திச் சிவப்புச் சேலை எடுத்தார்.

அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர நீர்மாலைக்குப் போனோம். அதே பழைய குழாய்தான். பள்ளம் விழுந்த குடத்தை மாமா தூக்கிக்கொண்டார். அண்ணன் தூக்கும் வழக்கம் கிடையாது. யாரும் தடுக்கவில்லை. குழாயடியில் மாமா குடத்தை வைத்தார். அப்பா தன் குடத்தை அதை ஒட்டி வைத்தார். மாமா பார்த்தார். நகர்த்தவில்லை. வீட்டுக்கு வந்து கோடி போட்டார். அம்மாவை எடுத்தோம்.

அப்பாவும் மாமாவும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மாவைத் தூக்கிய தெருப் பிள்ளைகளுக்கும், பாண்டுப்பிலிருந்தும் நெருளிலிருந்தும் வந்த சொந்தங்களுக்கும், ஆஸ்பத்திரியில் கூட இருந்த பக்கத்து வீட்டு அக்காவின் மருமகளுக்கும், துட்டி வீட்டுக்குச் சோறு கொண்டு வந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. மாமாவுக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோள். இன்று பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் இலை போட்டு, தண்ணீர் ஊற்றித் தம்ளர் வைத்திருக்கும். மாமா வருவதாகச் சொல்லவில்லை. அப்பா வைக்கச் சொன்னார். அதில் யாரும் உட்கார வேண்டாம்.