வலது கைப்பக்கம் கலங்கரை விளக்கம்

நான் கல்லூரியில் படித்தேன் என்று சொல்லும்போது இன்றும் உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும். ஏதோ தவறுதலாக இடம் கொடுத்துவிட்டோம், பட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று யாராவது வந்து நிற்பார்களோ என்று. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் அந்த வருஷம் முழுப் பரீட்சை எழுதவில்லை. பிறகு எழுதச் சொல்லவும் யாரும் இல்லை.

கல்யாணத்துக்குப் பின் கணவருக்குக் கடலோர ஊர் ஒன்றில், மீன் பதப்படுத்தும் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. அவர் வேலைக்குப் போனதும் நான் வீட்டில் உட்கார்ந்து கவலைப்படுவேன். கேஸை மூடினோமா, அவர் மெயினை அணைத்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுகிறாரா, இப்படி. சும்மா கவலைப்படுவதற்குப் படித்துக்கொண்டே கவலைப்படலாமே என்று அவர்தான் ஒருநாள் சொன்னார். பத்தாவதும் பன்னிரண்டாவதும் தனியாகப் பணம் கட்டி எழுதினேன். அந்த ஊர் மகளிர் கல்லூரியில் பி.ஏ. தமிழில் இடம் கிடைத்தது.

என் பெஞ்சில் மூன்று ஹாஸ்டல் பெண்கள். ஒருத்தி நெட்டை, ஒருத்தி எந்நேரமும் எதையாவது கொறிப்பவள், ஒருத்தி வாயாடி. மூவருமே கடலை அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பார்த்தவர்கள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்கள். என் பையில் தலைவலி மாத்திரை, சேஃப்டி பின், உபரிப் பேனா, குடை எல்லாம் இருக்கும் என்பதால் எதற்கெடுத்தாலும் அக்கா அக்கா என்று என்னிடம்தான் வருவார்கள். வகுப்பு இல்லாத மதியங்களில் நால்வரும் கடற்கரைக்குப் போய் மாங்காய்த் துண்டு தின்போம். அவர்கள் அலையில் நிற்பார்கள். நான் நாலு ஜோடி செருப்புக்கும் காவலாக மணலில் நின்று, போதும் வாங்கடி என்று கத்திக்கொண்டிருப்பேன்.

எனக்கு அந்த ஊரில் ஒரே கஷ்டம், அங்கே மலை இல்லை. நான் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்காரி. எங்களுக்கு வழி என்றால் மலைதான். மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் டவுன் வந்துவிடும். திரும்பும்போதும் அதே வலது கைப்பக்கம் வைத்து நடந்தால், ஆசிரமத்தைத் தாண்டி வீடு வந்துவிடும். மலையை இடது பக்கம் விட்டு நடக்க எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கால் வராது. கடலோர ஊரில் நிமிர்ந்து பார்த்தால் வெறும் வானம். கடைசியில் அங்கிருந்த கலங்கரை விளக்கத்தை மலையாக வைத்துக்கொண்டேன். அது கரையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, தெருக்களுக்கு நடுவே நின்றது. எங்கிருந்தும் தெரியும்.

முதல் செமஸ்டர் வந்தது. தேர்தல் முடிந்து எங்கள் கல்லூரியில் ஓட்டுப்பெட்டிகளை வைத்துப் பூட்டியிருந்ததால், பரீட்சையை ஊரின் மறுபக்கம் இருந்த வேறொரு கல்லூரிக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அதற்கு முந்தைய வாரமே தூக்கம் போய்விட்டது. மனசுக்குள் ஒரு முடிவும் எடுத்திருந்தேன். பெயிலானால் பரவாயில்லை, மறுபடி எழுதலாம். ஆனால் ஒன்பதாவதில் போலவே பரீட்சைக்குப் போக முடியாமல் போனால், படிப்பு நமக்கு விதித்ததில்லை என்று அன்றோடு பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட வேண்டியது.

முதல்நாளே கணவர் என்னை வண்டியில் கூட்டிப்போய் அந்தக் கல்லூரியைக் காட்டினார். போகும் வழியெல்லாம் கலங்கரை விளக்கம் என் வலது பக்கமே இருந்தது. அதைப் பார்த்ததும் வழி பிடிபட்டுவிட்ட தைரியம் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஹாஸ்டலுக்குப் போய் மூன்று பேரையும் கிளப்பினேன். பரீட்சைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. காக்கா கூட எழுந்திருக்காதுக்கா என்று கொறிப்பவள் முனகினாள். செல்போன் கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அதையெல்லாம் ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டோம். கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். வழி தெரியுமா என்று நெட்டை கேட்டாள்.

"லைட் ஹவுஸ் வலது கைப்பக்கமே இருக்கணும். அவ்ளோதான், வாங்க."

நடந்தோம். ஐஸ் ஃபேக்டரி, வலை காயப்போட்ட சந்து, மணல், படகுகள், ஒரு சின்ன சர்ச். கலங்கரை விளக்கம் சொன்னபடி கேட்டுக்கொண்டு வலது கைப்பக்கமே வந்தது. கல்லூரிதான் வரவில்லை. ஒவ்வொரு முக்கிலும் நான் கலங்கரை விளக்கம் இருந்த பக்கமாகவே திரும்பினேன், அவர்கள் பின்னாலேயே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஐஸ் ஃபேக்டரி வந்தது.

"அக்கா," என்றாள் வாயாடி, "இந்த ஊர்ல எல்லா ஐஸ் ஃபேக்டரி வாசல்லயும் ஒரே நாய்தான் படுத்திருக்குமா?"

ஃபேக்டரி வாசலில் மீன் கூறு போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, அப்பவே போனீங்க, திரும்பவும் வர்றீங்க. லைட் ஹவுஸச் சுத்துறீங்களே, வேண்டுதலா?"

நெட்டை அழ ஆரம்பித்தாள். வாயாடிக்கு மட்டும் சிரிப்பு தாங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாவிடம் கல்லூரி பெயரைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தபடி மீன் கத்தியாலேயே வழி காட்டினார்.

"கடலுக்கு முதுகக் காட்டிட்டு நேரா போங்க. எங்கயும் திரும்பாதீங்க, நீ மட்டும் திரும்பவே திரும்பாத."

ஓடினோம். வாசலை அடைந்தபோது மணி அடிக்கவில்லை. விடிந்தும் விடியாமலும் கிளப்பியதால் ஒரு முழுச் சுற்றுக்கும் நேரம் இருந்திருக்கிறது. ஆனால் வாட்ச்மேன் மூன்று பேரையும் உள்ளே விட்டுவிட்டு, பேரன்ட்ஸ் எல்லாம் மரத்தடியில உட்காருங்க என்று என்னைத் தடுத்தார்.

"அண்ணா, அவங்களும் எங்க கிளாஸுதான்," என்று வாயாடி திரும்பி ஓடிவந்தாள்.

"நீங்கதான இவங்கள கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் அவர் என்னிடம்.

"இல்லண்ணா. சுத்திக் காட்டிட்டு வந்தாங்க," என்று வாயாடியே முந்திக்கொண்டாள்.

நான் சிரித்துவிட்டேன். அத்தனை பயத்திலும் எப்படிச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. சிரித்த பிறகுதான் ஹால் டிக்கெட் என் கையிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. அதைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். கேள்வித்தாளை வாங்கினேன், எழுதினேன். அந்தப் பையைப் பரண்மேல் போடவே இல்லை.

டிகிரி முடித்து ஊர் திரும்பிவிட்டோம். இப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் இருக்கிறேன். வருகிறவர்களுக்கு வழி சொல்வதுதான் பாதி வேலை. சொல்லி அனுப்பிவிட்டு அவர்கள் திரும்பி வரும்வரை கவலைப்படுவது மீதி.

போன பௌர்ணமிக்கு மூவரும் வந்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வாயாடிதான் போன் செய்தாள்.

"அக்கா, கடல் எந்தப் பக்கம்னு தெரியல. யாருக்கு முதுகக் காட்டணும்?"

அன்று சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக நால்வரும் மலையைச் சுற்றி நடந்தோம். ரூம் கதவைப் பூட்டினோமா என்று நான் இரண்டு தரம் கேட்டேன். கொறிப்பவள் வழிநெடுக வேர்க்கடலை வாங்கினாள். முழுச் சுற்றும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததும் நெட்டை என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பயப்படாதடி," என்றேன். "இந்தவாட்டி இங்கதான் வரணும்."