அன்ட்ரோமீடா மறையும் இடம்

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் காவல்காரர் அவர். கம்பளித் தொப்பி, ஒட்டிய கன்னம். இருட்டியதும் மலையடியில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் முன்னால் எப்போதும் அதே கல்லில் உட்கார்ந்து, ஊதிவிட்ட புகைபோலத் தெரியும் அன்ட்ரோமீடா மலைக்குப் பின் மறையும்வரை பார்ப்பார்.

நான் ஆசிரியன். சும்மா இருக்க முடியவில்லை. அது நட்சத்திரங்கள் சுருளாகச் சுற்றும் மண்டலம், நம்மை நோக்கித்தான் வருகிறது, வந்து சேரப் பல நூறு கோடி வருடமாகும் என்றேன்.

"அது மறையிற எடம் மாறாதுங்களே, சேர்?"

"மாறாது."

"போன மாசியில மல மேல நிக்கிற அந்த ஒத்த மரத்துக்குப் பின்னால மறைஞ்சிச்சு. மழைக்குப் பொறகு, இந்த மாசியில, மரத்த விட்டுத் தள்ளி மறையுது. அப்ப மலதான் சரிஞ்சு எறங்குது. அது வரக் கோடி வருசம்னீங்க. இது வர எத்தன நாளுங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். மலையடி லயத்தில் சோறு வெந்துகொண்டிருந்தது.