கலர் அண்ணி செய்த கண்

இருபத்திரண்டு வருடங்களாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். இத்தனை வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட சந்தேகம் கணக்கில் வந்ததல்ல. "சார், இதெல்லாம் வாழ்க்கைல எங்க சார் உதவப் போகுது?" என்பதுதான். பாலம், கட்டடம், விண்கலம் என்று எதையாவது அளந்துவிடுவேன். கேட்பவனும் நம்ப மாட்டான், சொல்லும் எனக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. நான் என்ன பாலம் கட்டியவனா?

ஓவியத்தைப் பற்றி அந்தச் சந்தேகம்கூட எனக்கு இருந்ததில்லை. அது ஒன்றுக்கும் உதவாது என்று தீர்மானமாகவே இருந்தேன். அப்பா கணக்கு வாத்தியார், அண்ணன் நில அளவைத் துறையில், நான் இப்படி. இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக ஓவியக் கல்லூரியில் படித்த ஒருவர் வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் பச்சை இல்லை, சாம்பலில் பச்சை விழுந்த நிறம் என்று சொன்னார். அன்றைக்கே கலர் அண்ணி என்று பெயர் வைத்துவிட்டேன்.

"படம் போட்டா சோறு பொங்குமா அண்ணி?" என்று சீண்டுவேன்.

"பொங்காது தம்பி. நீங்க சூத்திரத்தைப் போட்டு உலை வைங்க, பாப்போம்" என்பார். கோபமே வராது. அது வேறு எனக்கு எரிச்சல்.

ஊரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு முதலில் கிடைத்தது சுவர் எழுதும் வேலை. 'எக்ஸ்ரே இந்தப் பக்கம்', 'கழிப்பறை இடது பக்கம்' என்று அம்புக்குறி போட வேண்டும். ஒரு நாள் சுவரில் இருந்த ஓட்டையை அடைத்து அதன்மேல் நிறம் பூசியிருக்கிறார். மறுநாள் கண் பிரிவு டாக்டர் அந்த வழியாக வந்து, "நேத்து இங்க ஒரு ஓட்டை இருந்துச்சே" என்று சுவரைக் கையால் தடவித் தேடியிருக்கிறார். அகப்படவில்லை. "சுவரை இப்படிச் சரிபண்ற ஆள், ஒரு மனுஷனோட கண்ணைப் பாத்து அதே மாதிரி இன்னொண்ணு வரைய முடியுமா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து பதினாறு வருடங்களாக, மருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறையில் அண்ணி செயற்கைக் கண் செய்கிறார். போன வருடம் வரை அந்த அறைக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. யாராவது விசாரித்தால் "ஆஸ்பத்திரில ஏதோ வேலை" என்பேன். நினைத்தால் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் என் தங்கைக்கு அந்த விபத்து நடந்தது. பூங்கா ஓரமாக நடந்து போனவளின் மேல், புல் வெட்டும் இயந்திரத்திலிருந்து ஒரு கல் தெறித்தது. இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். அவள் கணவர் தொலைதூர லாரி ஓட்டுபவர், வாரத்தில் ஐந்து நாள் சாலையில் இருப்பார். அதனால் நான்கு வயதுப் பெண்ணோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

வலியைத் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். குழந்தையைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் வாண்டு அம்மாவின் கட்டைப் பார்த்ததும் வீறிட்டது. கட்டைப் பிரித்து, கறுப்பு மறைப்புப் போட்ட பிறகும் பக்கத்தில் வரவில்லை. என் மனைவியிடம் சாப்பிட்டது, அவளிடமே தூங்கியது. தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தால் மட்டும் மெல்ல வந்து முதுகில் சாய்ந்துகொள்ளும். முகம் திரும்பினால் ஓட்டம். அதனால் மணிக்கணக்காகச் சுவரையே பார்த்து உட்கார்ந்திருப்பாள் என் தங்கை.

காயம் ஆறி இரண்டு மாதம் கழித்து, "வா, அளவு எடுப்போம்" என்று அண்ணி கூப்பிட்டார். கூடவே என்னையும் அழைத்தார்.

"அளவை நீங்க எடுங்க தம்பி. நம்ம வீட்டுப் பொண்ணு. நான் எடுத்தா சரியா வருமான்னு பயமா இருக்கு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளி ஆய்வகத்திலிருந்து வெர்னியர் காலிப்பரை வாங்கிக்கொண்டு முதல் தடவையாக அந்த அறைக்குப் போனேன். பல் டாக்டர்கள் அச்செடுக்கும் பசை மாதிரி ஒன்றைக் குழியில் விட்டு அச்செடுத்து, அதை வைத்து மெழுகில் ஒரு வடிவம் செய்திருந்தார் அண்ணி. அதில் கருவிழி எங்கே வர வேண்டும் என்று குறிப்பதுதான் என் வேலை. மூக்கின் நடுவிலிருந்து வலது கண்ணின் மையம் முப்பத்தொரு மில்லிமீட்டர். இடது பக்கமும் முப்பத்தொன்று. இதற்கு எதற்கு ஓவியக் கல்லூரி என்று நினைத்துக்கொண்டே புள்ளி வைத்தேன்.

மெழுகை மாட்டி, எதிர்ச் சுவரைப் பார்க்கச் சொன்னார் அண்ணி. தங்கையின் ஒரு கண் சுவரைப் பார்த்தது. மற்றது என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடியது. மறுபடி அளந்தேன். முப்பத்தொன்று. இன்னொரு தடவை அளந்தேன்.

"உங்க அளவு சரிதான் தம்பி" என்றார் அண்ணி. "மூக்குதான் கோணல். உங்க குடும்ப மூக்கு."

என்னை அறியாமல் என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு வேதனையிலும் தங்கை சிரித்துவிட்டாள்.

கட்டம் போட்ட கண்ணாடித் தாள் ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு முன் பிடித்தார் அண்ணி. இரண்டு கண்களின் உள்மூலைகள், காதுகளின் உச்சி, மேலுதட்டுக் குழி என்று புள்ளி வைத்தார். இந்தப் புள்ளிகள் சொல்லும் நடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் இருந்தது. எதையும் தள்ளிவிடாமல், எதற்கும் முழுதாக வளைந்துகொடுக்காமல், எல்லாவற்றோடும் கொஞ்சம் கொஞ்சம் ஒத்துப்போகிற மாதிரி ஒரு கோட்டை இழுத்தார். அந்தக் கோட்டிலிருந்து அளந்தால் இரண்டு பக்கமும் இருபத்தொன்பதரை. மெழுகைத் திருத்தி மாட்டியதும் இரண்டு கண்ணும் ஒரே சுவரைப் பார்த்தன.

சிதறிய புள்ளிகளுக்கு நடுவே பொருத்தமான கோட்டைக் கண்டுபிடிப்பதற்குப் பலகை நிறைய எழுதி, பையன்களைத் தூங்க வைப்பவன் நான்.

"இதை எங்க படிச்சீங்க அண்ணி?"

"கல்லூரில முகம் வரையச் சொல்லிக்குடுத்தப்ப. நேரான முகம்னு உலகத்துல ஒண்ணு கிடையாது தம்பி."

அதோடு முடியவில்லை. மேஜையில் ஒரு பழைய நோட்டு கிடந்தது. புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் வளைகோடுகள். வரைந்த கருவிழியின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பூச்சு வருமாம். அது உப்பலாக இருப்பதால் உள்ளே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுமாம். எந்தத் தடிமனுக்கு எவ்வளவு பெரிதாகும் என்று, பதினாறு வருடமாகத் தான் செய்த ஒவ்வொரு கண்ணையும் ஒரு புள்ளியாக வைத்து, புள்ளிகளை இணைத்திருக்கிறார். பதினொன்றரை மில்லிமீட்டர் தெரிய வேண்டுமானால் பதினொன்றுதான் வரைய வேண்டும். அதை அந்தக் கோடு சொல்கிறது. "இது வரைபடம் அண்ணி" என்றேன். "அப்படியா? கூடக் குறைய வந்ததைக் குறிச்சு வச்சேன்" என்றார் அவர். அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

அந்தப் பக்கங்களில் முந்நூறுக்கு மேல் புள்ளிகள் இருந்தன. முந்நூறு பேர். பேருந்திலும் வங்கியிலும் கடைவீதியிலும் என் எதிரே வந்து போகிறார்கள். ஒருவரைக்கூட நான் கண்டுபிடித்ததில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒருவர் படம் வரைகிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கண்மணியின் அளவில் ஒரு சிக்கல் வந்தது. நல்ல கண்ணின் மணி வெயிலில் சுருங்கும், அறைக்குள் விரியும். வரைந்தது அப்படியே இருக்கும். ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

"எந்த வெளிச்சத்துல பொருந்தணும், சொல்லு" என்று தங்கையிடம் கேட்டார் அண்ணி.

"என் பொண்ணு என்னைப் பாக்குற வெளிச்சத்துல" என்றாள் தங்கை.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் குழல் விளக்கைப் போட்டு, அதன் கீழே அவளை உட்கார வைத்து அளந்தார். மூன்றே முக்கால் மில்லிமீட்டர்.

பத்து நாள் ஆனது. சாயம் பூசப் பூசக் காய வைத்து, சிவப்புப் பட்டு நூலை மயிரிழையாகப் பிரித்து நரம்புகளாகப் பதித்து, சுடுநீரில் இறுக வைத்து, மெருகேற்றிக் கொண்டுவந்தார். மாட்டியதும் என் மனைவி "எவ்ளோ அழகு" என்றாள். உண்மையிலேயே அழகுதான். வாண்டை அழைத்து வந்தோம். கதவோரம் நின்று எட்டிப் பார்த்தது.

"பொம்மைக் கண்ணு" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனது.

தங்கை பழையபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எனக்கு எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது. ஒரு நாற்காலியை இழுத்து அவள் முன்னால் போட்டுக்கொண்டு அண்ணி உட்கார்ந்தார். அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கால் மணி நேரம் பார்த்தார்.

"தப்பு என்னோடது" என்றார் கடைசியில். "இது உன் கல்யாணத்தன்னிக்கு இருந்த கண்ணு. அதைத்தான் நான் மனசுல வச்சு வரைஞ்சிருக்கேன். நீ மூணு மாசமா அழுத கண்ணைப் பாத்து வரையல."

சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. நல்ல கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஓடியிருந்தது. மூலையில் தவிட்டு நிறத்தில் ஒரு பொட்டு. சிவப்பு நரம்புகள் மூன்று நான்கு கூடுதலாக. புதுக் கண்ணில் ஒரு மாசு இல்லை. அழகாக இருந்ததுதான் அதன் குறை. தான் வரைந்ததிலேயே நன்றாக வந்ததை எடுத்துக்கொண்டு போய், மேல்பூச்சைச் சுரண்டி, இரண்டு நாள் உட்கார்ந்து அதைக் கெடுத்தார் அண்ணி. அதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்று வரையத் தெரியாத எனக்கே புரிந்தது. சூத்திரம் சரியாக வந்த பிறகு அதை அழிக்க நான் சம்மதிப்பேனா? மாட்டேன்.

இரண்டாவது முறை யாரும் அழகு என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை, தங்கை தங்கையாக இருந்தாள். வாண்டு ஓடவில்லை. ஆனால் வரவும் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும், போய்விடும். இப்படியே மூன்று வாரம். தங்கை நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று அவள் சாப்பிடும் அளவிலேயே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மேஜையில் துணிகளைக் குவித்துவைத்துத் தங்கை மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே செய்தித்தாளோடு இருந்தேன். அவளுக்கு இடது பக்கம், அவளால் பார்க்க முடியாத பக்கம், வாண்டு சத்தமில்லாமல் முக்காலியை இழுத்துப் போட்டு, அலமாரியில் ஏறி, பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். கையை வெளியே எடுக்கும்போது அது அம்மாவின் பக்கம் திரும்பியது. அங்கிருந்து தெரிவது அந்த ஒரு கண்தான். வாண்டு அப்படியே உறைந்தது.

"சும்மா சும்மா என்னையே பாக்காதம்மா" என்றது.

தங்கையின் கை துணியிலேயே நின்றுவிட்டது. குழந்தை அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சரி, பாக்கல" என்றாள்.

வாண்டு நம்பவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடமாகத் தேடி, மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.