வஜீதா எடுக்காத களை

செவ்வாயும் சனியும் காலை ஏழு மணிக்கு வஜீதா களை எடுக்க வந்துவிடுவாள். ஒரு நாள் தவறியதில்லை. களையும் தவறியதில்லை.

இது எப்படி என்று அருணாதேவிக்கு மூன்று வருஷமாகப் புரியவில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிய ஒரு சந்தில் அவருடைய கெஸ்ட் ஹவுஸ் இருந்தது. எட்டு அறை. முன்னால் கொரியன் புல் தரை. பின்னால் செம்பருத்தி, சாமந்தி, இரண்டு எலுமிச்சை, மீதி வெறும் மண். கொரியன் புல்லைப் பாய் பாயாகச் சுருட்டி, சென்னையிலிருந்து லாரியில் வரவழைத்திருந்தார். வருகிறவர்களுக்கு அறையைக் காட்டுவதற்கு முன்னால் புல்லைத்தான் காட்டுவார். செருப்போடு யாராவது அதில் கால் வைத்துவிட்டால், அன்றைக்கு அவர்களுக்குக் காபி தாமதமாகத்தான் வரும்.

பின்பக்கம்தான் அவருக்குத் தலைவலி.

"எடுக்க எடுக்க வருதே வஜீதா. இது என்ன மண்ணு?"

"நல்ல மண்ணுக்கா," என்பாள் வஜீதா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். வஜீதா களை எடுத்தாள், ஆனால் எல்லாக் களையையும் எடுக்கவில்லை. கோரை, பார்த்தீனியம், நெருஞ்சி இதற்கெல்லாம் அவள் கையில் இரக்கம் கிடையாது, வேரோடு போகும். குப்பைக்கீரைக்கு வேறு நியாயம். நுனியை மட்டும் கிள்ளுவாள், அது பக்கத்தில் நாலு கிளை விடும். கானாவாழைக்கு ஈரம் வேண்டும் என்று தோட்டத்துக் குழாயைக் கொஞ்சம் சொட்ட விட்டே வைத்திருந்தாள். வேலியில் முடக்கத்தான், எலுமிச்சை நிழலில் புளியாரை, கல் இடுக்கில் மூக்கிரட்டை. சாமந்திக்குப் பின்னால், யார் கண்ணும் சட்டென்று போகாத இடத்தில் அவளுடைய உயிர் இருந்தது. சிவந்த தண்டும் கொழுத்த குட்டி இலையுமாகத் தரையோடு படரும் குல்ஃபா. அது பூத்து, விதை பிடித்து, முற்றும் வரை காத்திருந்து, பிறகுதான் பிடுங்குவாள். பிடுங்கிய செடியைத் தலைகீழாகப் பிடித்து நாலு உதறு உதறுவாள். வேரிலிருந்து மண்ணை உதறுகிறாள் என்று அருணாதேவி நினைத்துக்கொண்டிருந்தார். அவள் உதறியது விதையை.

ஆக, அடுத்தவர் மண்ணில், அடுத்தவர் தண்ணீரில், அடுத்தவர் கொடுக்கும் கூலியில் வஜீதா விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைத் திருட்டு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவள் பையில் எடுத்துப் போனதெல்லாம் குப்பை வண்டியில் ஏற்றச் சொல்லி அருணாதேவியே கொடுத்த சரக்கு.

அவள் வீடு டவுனுக்குள், புருஷன் நசீருதீனின் பஞ்சு மெத்தைக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை. அங்கே மண் என்று பார்க்க வேண்டுமானால் ஜன்னல் விளிம்பில் படிகிற தூசிதான். கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு மிளகாய்ச் செடி வைக்க இடம் கிடைக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து வருகிறவளுக்கு இந்த ஈர மண்ணில் விரலை விட்டதும் ஒரு சந்தோஷம் வரும். காரணமே இல்லாமல் சிரிப்பாள். எலுமிச்சை மரத்திடம் நேற்று நடந்த சண்டையைச் சொல்வாள்.

சண்டை பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். கானாவாழை இலையைக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போட்டுக் கொடுப்பாள். புளியே போடாமல் புளியாரைத் துவையல் அரைப்பாள். முடக்கத்தான் தோசை, மூக்கிரட்டை மசியல் என்று வாரம் முழுக்கத் தோட்டம் தட்டில் வந்துகொண்டிருக்கும்.

"ஆட்ட சாப்பிடற குடும்பம் வஜீ நம்முது," என்பார் நசீருதீன். "நீ என்னடான்னா ஆடு சாப்பிடறத எல்லாம் கொண்டாந்து போடற."

ஆனால் குல்ஃபாவைக் கறியோடு சேர்த்து வைத்துவிட்டால் மனிதர் வாயே திறக்காமல் மூன்றாம் முறை சோறு வாங்குவார். ஆற்காட்டிலிருந்து வந்த மாமியார் கற்றுக்கொடுத்த பக்குவம் அது. மற்ற செடிக்கெல்லாம் தமிழில் பெயர் தெரிந்தவளுக்கு இது ஒன்றுக்கு மட்டும் மாமியார் சொன்ன உருதுப் பெயர்தான் தெரியும். தோட்டத்தில் கிடைப்பதைக் காய்கறிக் கடையில் போய் யார் பெயர் கேட்பார்கள்?

அந்த வருஷம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கொரியன் புல்லே பழுப்பேறிப்போனது. குல்ஃபாவுக்கு மட்டும் கொண்டாட்டம். அருணாதேவியின் மகள் ஓவியாவுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு நல்ல வரன் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வியாழக்கிழமையே வஜீதாவைக் கூப்பிட்டு அனுப்பியிருந்த அருணாதேவி, பின்பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம போவட்டும் வஜீதா. திங்கக்கெழம மருந்தடிக்க ஆள் சொல்லிட்டேன். ஒரே அடிதான், ஆறு மாசத்துக்கு ஒரு புல்லு மொளைக்காதாம். நீயும் பாவம், எத்தினி நாளைக்குதான் எடுப்ப?"

வஜீதாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. இந்த வேலை போனால் வேறு வீடு கிடைக்கும். ஆனால் உதறிய விதையெல்லாம் மண்ணுக்குள்ளேயே கருகிப்போகும். எப்படியாவது இந்த அம்மாவின் மனசைக் குளிர வைத்து, மருந்துப் பேச்சை மறக்கடிக்க வேண்டும். தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள்.

"வர்றவங்களுக்கு என்னக்கா பண்றீங்க?"

"போண்டா, கேசரி. வெயில்ல வராங்களே, ஜில்லுனு ஏதாவது வேணும். அதான் யோசிக்கறேன்."

"நான் குல்ஃபா பண்ணி எடுத்தாரட்டா? ஒடம்புக்கு அத விட ஜில்லுனு ஒண்ணு கெடையாதுக்கா."

அருணாதேவிக்கு முகம் மலர்ந்தது. பாய் வீட்டுக் குல்ஃபி!

"நீயே செய்வியா?"

"நானேதான். பருப்பு போட்டு செய்வேன்."

"நெறைய போடு. பருப்புல கஞ்சத்தனம் பண்ணாத." அருணாதேவி மனசில் இருந்தது பாதாம் பருப்பு. வஜீதா மனசில் இருந்தது துவரம் பருப்பு. "குச்சியோடதானே?"

"எளசா இருந்தா குச்சியோடவே போடலாம்க்கா. முத்துனா கிள்ளி எறிஞ்சிடணும்."

இந்தப் பதில் அருணாதேவிக்கு விளங்கவில்லை. செய்கிறவர்களுக்குள்ளே ஏதோ தொழில் ரகசியம் இருக்கும் என்று விட்டுவிட்டார். "குச்சி வேணாம், கப்புல போட்டுடலாம்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வஜீதா ஒரு பெரிய தூக்கோடு வந்தாள். சனிக்கிழமை பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த தளதளவென்ற குல்ஃபா. துவரம் பருப்போடு குழைய வேகவைத்து, லேசாக மசித்து, ஒரு பூண்டு முழுசாக உரித்துப் போட்டு, காய்ந்த மிளகாய் தாளித்து இறக்கியது. அருணாதேவி பட்டுப்புடவை மடிப்போடு போராடிக்கொண்டிருந்தார்.

"கப்புல ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சுடு வஜீதா."

"ஃப்ரீசர்லயா?"

"பின்ன? நல்லா கட்டியாவணும்."

பெரிய வீட்டுப் பழக்கம் என்னவோ ஏதோ என்று வஜீதா பன்னிரண்டு கப்பில் ஊற்றி உள்ளே வைத்தாள். கடந்து போன அருணாதேவி பச்சை நிறத்தை ஓரக்கண்ணால் பார்த்து, பிஸ்தா கூடப் போட்டிருக்கிறாளே என்று நெகிழ்ந்துபோனார். பூண்டு வாசனையைப் போண்டாவின் கணக்கில் விட்டுவிட்டார்.

நாலு மணிக்கு வந்தார்கள். வேர்க்கடலை போடுகிற சக்திவேல், அவர் மனைவி வெள்ளையம்மாள், மாப்பிள்ளைப் பையன் கோபி. பேச்சு நன்றாகவே போனது. போண்டா முடிந்து, கப்புகள் வந்தன.

"இது எங்க தோட்டத்துல வேல செய்ற வஜீதா கைப்பட செஞ்சது," என்றார் அருணாதேவி பெருமையாக. "பிஸ்தா குல்ஃபி."

சமையலறை வாசலில் நின்ற வஜீதாவின் காதில் குல்ஃபி என்ற சொல் விழுந்தது. கப்பு, குச்சி, ஃப்ரீசர் எல்லாம் அந்த நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன பிரயோஜனம்? சக்திவேல் ஸ்பூனை வாய்க்குள் விட்டாயிற்று.

அவர் மரியாதை தெரிந்த மனிதர். ஐஸ் கட்டியாக உறைந்த பூண்டுப் பல்லை இரண்டாகக் கடித்து, நிதானமாக விழுங்கினார்.

"டவுன்ல இப்ப இப்டிதான் போடறாங்க போல," என்றார். "பூண்டு குல்ஃபி."

கோபி ஓவியாவைப் பார்த்தான். ஓவியா துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினாள். வெள்ளையம்மாள் ஓர் இலையை ஸ்பூன் நுனியில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது பருப்புக்கீரங்க."

"நம்ம கொல்லையில கடலைக்கு நடுவுல படருமே, அந்தச் சனியனா?" என்றார் சக்திவேல். "அது களையாச்சே!"

அருணாதேவிக்கு மானம் போய்விட்டது. "களையா? வஜீதா! சாக்கடை ஓரத்துல புடுங்கினத கொண்டாந்தா வந்தவங்களுக்குப் போட்ட?"

இந்த இடத்தில் வஜீதா மார்க்கெட்டில் வாங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் சாக்கடை என்று கேட்டதும் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து ரோஷம் ஏறியது.

"சாக்கடையா? யாரப் பாத்துக்கா சொல்றீங்க? உங்க சாமந்திக்குப் பின்னாடி, மூணு வருஷமா நானே வெத உதறி, தண்ணி காட்டி, பூச்சி பாத்து வளத்த கீரைக்கா அது!"

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

"வளத்தியா?" அருணாதேவி எழுந்தே விட்டார். "உன்ன நான் களை எடுக்கதானே வெச்சிருக்கேன்?"

"எடுக்கறேன்க்கா," என்றாள் வஜீதா ஈனஸ்வரத்தில். "தின்ன முடியாதத."

முதலில் சிரித்தது சக்திவேல்தான். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத கொஞ்சம் சூடு பண்ணுங்க. ஒரு பிடி சோறு இருந்தா எடுத்தாங்க," என்றார். வஜீதா பன்னிரண்டு கப்பையும் சட்டியில் கவிழ்த்து, கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள். பெண் பார்க்க வந்த வீட்டில் மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றில் குழி பறித்து, இரண்டு முறை ஊற்றி வாங்கினார்.

"முப்பது வருஷமா ஆள் வுட்டு புடுங்கி வரப்புல காயப் போட்டேனே, பாவி," என்றார். "இப்ப மருந்து வேற அடிக்கறேன்."

"அதான் நம்ம கொல்லக் கீரைய வாயில வெக்க முடியல," என்றார் வெள்ளையம்மாள். "இது மருந்து படாத மண்ணு. ருசி தெரியுது பாருங்க."

கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். போகும்போது சக்திவேல், கீரை இருந்தால் ஒரு கட்டு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். வஜீதா ஓடிப் போய்ப் பறித்துக் கொடுத்தாள். கேட்டைச் சாத்தும்போது அருணாதேவி சொன்னார்.

"செவ்வாக்கெழம வா. பேசிக்கலாம்."

திங்கட்கிழமை முழுக்க வஜீதாவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்நேரம் மருந்து அடித்திருப்பான், இந்நேரம் இலை சுருண்டிருக்கும் என்று நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்தாள். நசீருதீன் கறி வாங்கி வந்து தானே சமைத்துப் போட்டார். "போனா போவுது வஜீ, புல்லுதானே," என்றார். அவள் அழுத அழுகையைப் பார்த்து, அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கேட்டைத் திறந்தவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். மருந்து வாசனை இல்லை. பின்பக்கத்தில் புதுசாகச் செங்கல் அடுக்கி, எரு கொட்டி, ஒரு பாத்தி கட்டியிருந்தது. நடுவில் ஒரு பலகை. அதில் அருணாதேவியின் கையெழுத்தில் "குல்ஃபா" என்று இருந்தது.

"சம்பந்திக்கு இனிமே வாரா வாரம் ஒரு கட்டு வேணுமாம்," என்றார் அருணாதேவி. "திருட்டுத்தனமா இத்தன நாள் வளத்தியே, இனிமே ஒழுங்கா வள. பாத்தியில ஒரு களை இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

வஜீதாவின் கஷ்டகாலம் அன்றைக்குத்தான் தொடங்கியது. யாரும் கேட்காதபோது வளர்ந்த குல்ஃபா, செங்கல்லும் எருவும் பலகையும் வந்ததும் முறுக்கிக்கொண்டது. பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை காட்டியது. மற்றதெல்லாம் எருவைத் தின்றுவிட்டுக் கொழுத்து வந்தது. அருணாதேவி டீ டம்ளரோடு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வஜீதா நிஜமாகவே களை எடுத்தாள். இடுப்பு விட்டுப்போனது.

"அதோ, அந்த ஓரத்துல ஒரு களை," என்றார் ஒரு சனிக்கிழமை.

வஜீதா குனிந்து பார்த்தாள். செங்கல்லைத் தாண்டி மெத்தென்று உள்ளே படர்ந்து வந்திருந்தது.

"அக்கா, இது உங்க கொரியன் புல்லு."

அருணாதேவி டீயை ஒரு மடக்குக் குடித்தார். "புடுங்கிப் போடு," என்றார்.

புல்லைப் பிடுங்கிக்கொண்டே முன்பக்கம் வரை வந்த வஜீதா சட்டென்று நின்றாள். சென்னையிலிருந்து லாரியில் வந்த அந்தப் புல் தரையின் நட்டநடுவில், சிவந்த தண்டோடு, பாத்தியில் ஒரு தடவையும் வராத கொழுப்போடு, ஏழெட்டுக் குல்ஃபா. கை தானாகவே அதன் பக்கம் போனது, பிறகு தானாகவே ஒதுங்கிக்கொண்டது. பழைய பழக்கம். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே அருணாதேவி நின்றுகொண்டிருந்தார்.

"அங்க ஏதோ மொளச்சிருக்குதே வஜீதா."

"நான் பாக்கலக்கா."

அருணாதேவி செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஏழெட்டுச் செடியையும் மிதிக்காமல் ஒதுங்கி நடந்து உள்ளே போனார்.

"நானுந்தான் பாக்கல."