நாலு நிமிடப் பாட்டுக் கட்சி

என் மகனுக்கு ஐம்பத்தாறு வயது. ஆரணியிலேயே வங்கி வேலை. அவனுடைய சிநேகிதர் களம்பூரில் அரிசி மில் வைத்திருக்கிறார். காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தபோது இரண்டு பேரும் ஒரு வெள்ளைக்காரக் கோஷ்டியின் பாட்டில் விழுந்தவர்கள். இன்னும் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மில்காரர் பைக்கில் வந்துவிடுவார். கூடத்தில் இசைத்தட்டு சுற்றும். சண்டை தொடங்கும்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். அந்தக் கோஷ்டி முதலில் ஒரே பாட்டை இருபது நிமிடம் வாசித்துக்கொண்டிருந்ததாம். எண்பதுகளில் நாலு நிமிடப் பாட்டுகளாகப் போட்டு, டிவியில் வந்து, அமோகமாக விற்றுவிட்டார்களாம். அது குற்றமா, இல்லையா?

“முதல்ல குடுத்தது கைக்குத்தல் அரிசிடா. அப்புறம் குடுத்ததெல்லாம் பாலிஷ் போட்டு போட்டு வெறும் வெள்ள. சத்து எங்கடா கீது அதுல?” என்பார் மில்காரர்.

“உன் மில்லுல இன்னா, உலக்கையிலயா குத்துற? நீயும் பாலிஷ் போட்டுதான வித்துகினு கீற?” என்பான் என் மகன்.

“அது வயித்துப் பொழப்பு. நான் அத்த கலைன்னா சொல்லிகினு கீறேன்?”

“அவனுங்களுக்கு மட்டும் வயிறு இல்லியா?”

எனக்கு இதெல்லாம் உள்ளறை வாசல் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும். உள்ளறையில் உட்கார்ந்து தறிக்கு வேண்டிய பட்டு நூலை ராட்டையில் தார் என்கிற சின்னக் குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பேன். நாலு பேர் முன்னால் வந்து நிற்கக் கூச்சப்படுகிறவள் நான். காப்பியைக்கூடத் திரையோரம் வைத்துவிட்டு டம்ளரைத் தட்டுவேன். மகன் வந்து எடுத்துக்கொள்வான்.

ஆனால் அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று உண்டு. மகன் வங்கிக்கும் மருமகள் பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு, எண்பதுகளில் வந்த மஞ்சள் அட்டை இசைத்தட்டை நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன். மூன்று வருடமாக இது நடக்கிறது. பாஷை புரியாது. பாடுகிறவர் கொஞ்சுகிறாரா திட்டுகிறாரா என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டுக்கு ராட்டை நன்றாகச் சுற்றும். இருபது நிமிடப் பாட்டையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். திடீரென்று நிற்பார்கள், குழலில் ஒருவர் அழுவார், பிறகு எல்லோரும் சேர்ந்து ஓடுவார்கள். இரண்டு தரம் நூல் அறுந்தது. விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு. மில்காரர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். அலமாரியில் இடமில்லை, இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய எண்பதுகளின் மூன்று தட்டுகளையும் வேலூரில் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். இத்தனை வருடம் வாதாடிய என் மகன் அன்றைக்குச் சலித்துப்போய், “எடுத்துகினு போடா. வாராவாரம் உன்கூட பேஜாரு” என்றுவிட்டான்.

ராட்டையை நிறுத்திவிட்டேன். பெட்டிக்குள் ஒரு தட்டு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

“மஞ்ச அட்ட மட்டும் இருக்கட்டுமே” என்றான் மகன்.

“அதான்டா இருக்கறதுலயே மோசம். அம்மாவையே கேப்போம். கல்யாணத்துல ரெண்டு மணி நேரம் மேளம் கேட்ட காது அது. அம்மா, கொஞ்சம் வாங்களேன்!”

திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசாமல் தலையாட்டினால் தட்டு போய்விடும்.

“அத்த குடுக்காதீங்க தம்பி” என்றேன். “இவங்கல்லாம் வேலைக்குப் போனப்புறம் நான் அத்தத்தான் போட்டுக்குவேன்.”

மகன் எழுந்தே விட்டான். “ஊசிய நீயா வச்ச? என் பொண்டாட்டியையே தொட வுடமாட்டேனே!”

“மூணு வருஷமா வைக்கிறேன். எங்கியாவது கீறல் கீதா, பாரு.”

மில்காரர் சிரித்தார். “அதான் நான் சொல்றது. ராட்ட சுத்த தோதான பாட்டு. ஒரே மாதிரி டக்கு டக்குன்னு, மெஷின் மாதிரி.”

“இல்லீங்க. மூணாவது பாட்டுல மேளக்காரரு ஒண்ண முழுங்கறாரு.”

“இன்னாத்த?”

ராட்டையையே கூடத்துக்கு எடுத்துவந்து வைத்தேன். மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் ராட்டை ஒரு சுற்று. நாலு சுற்றுக்கு ஒருமுறை இடது கை நூலைத் தாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோகும். மூன்று தரம் சரியாக வரும். நாலாவது தரம் என் கை பாதி வழியில் இருக்கும்போதே மேளக்காரர் ஒரு அடியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். பழகியதால் இப்போதெல்லாம் அந்த இடத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறேன்.

மகன் மூன்றாவது பாட்டைப் போட்டான். மில்காரர் தொடையில் தட்டி எண்ணினார். நாலாவது தரம் அவர் கை விழுவதற்குள் மேளம் விழுந்துவிட்டது. “தப்பா எண்ணிட்டேன்” என்று மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் பிந்தினார். மூன்றாவது முறை போட்டபோது என் கை வெடுக்கென்று இழுப்பதைப் பார்த்துக்கொண்டே தட்டினார். சரியாக விழுந்தது.

“டேய், முப்பத்தஞ்சு வருஷமா இத்த கேக்காமலேயே திட்டிகினு இருந்திருக்கேன்டா.”

“இப்பவாவது ஒத்துக்கினியே.”

“ஒத்துக்கல. இந்த ஒரு பாட்ட மட்டும் ஒத்துக்கறேன்.” பிறகு என்னிடம் மிகவும் மரியாதையாக, “அம்மா, ஒரு வாரம் எடுத்துகினு போயி கேட்டுட்டு ஜல்தியா கொண்டாந்துடறேன்” என்றார்.

வீட்டுக்கு வந்த மனிதரிடம் நான் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை.

“அது முடியாதுங்க தம்பி” என்றேன். “நாளைக்கு எனக்கு வேல கீது. கேக்கணும்னா நீங்க இங்க வந்து கேளுங்க.”

மகன் சோபாவில் விழுந்து சிரித்தான். “நாளைக்கு வந்து கேளுடா, உன் மில்ல யாரு பாத்துக்குவா?”

“அது தானா ஓடும்டா” என்றார் மில்காரர், இன்னும் தொடையில் தட்டிக்கொண்டே.

நான் தட்டை எடுத்து மஞ்சள் அட்டைக்குள் போட்டேன். அலமாரியில் வைக்கவில்லை. உள்ளறைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.