ஜஹானா எந்த மஹல்லா

என் தங்கச்சி ஜஹானா அனுராதபுரத்தில், ஆர்மி குவாட்டர்ஸில் பிறந்தாள். நாலு வயசில் தியத்தலாவை. ஏழில் பனாகொடை. பதினொன்றில் திருகோணமலை. பன்னிரண்டில் திரும்பவும் அனுராதபுரம். வாப்பா ஆர்மியில் டிரைவர். மாற்றல் கடிதம் வந்தால் மூன்றாம் நாள் லொறி வந்து வாசலில் நிற்கும். உம்மா பீங்கான்களை வாப்பாவின் பழைய சேர்ட்டுகளில் சுற்றுவா. ஜஹானா கொப்பியில் தன் பெயரை எழுதுவாள், ஸ்கூல் பெயரை எழுதமாட்டாள். டீச்சர் கேட்டால், "பொறகு எழுதுறன் டீச்சர்" என்பாள்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன். நாலாவது ஸ்கூலில் இடமில்லை என்றார்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அவள் விடவில்லை. போன இடமெல்லாம் புதுசாகத் தொடங்கி ஏ எல் வரைக்கும் படித்தாள்.

வாப்பாவின் சொந்த ஊர் மன்னார்ப் பக்கம். தொண்ணூறில் புலிகள் அந்த ஊர் முஸ்லிம் சனத்தையே வெளியே போகச் சொன்னார்கள். அதோடு எங்களுக்கு ஊர் என்று ஒன்று இல்லை. உம்மா அனுராதபுரத்திலேயே மௌத்தாகிவிட்டா. வாப்பா பென்ஷன் எடுத்தபோது, கண்டியில் குளிர் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு குண்டசாலையில் வாடகை வீடு பிடித்தார். அப்போது ஜஹானாவுக்கு இருபத்திரண்டு.

வந்த முதல் மாதமே பள்ளிவாசல் செயலாளர் சாஹுல் ஹமீது ஹாஜியார் பதிவுப் புத்தகத்தோடு வந்தார். பள்ளியைச் சுற்றி இருக்கிற குடும்பங்களைத்தான் மஹல்லா என்பது. அந்தப் புத்தகத்தில் பெயர் இருந்தால்தான் மஹல்லாக்காரர்.

"இப்ப என்னத்துக்கு ஹாஜி" என்றார் வாப்பா. "நாங்க எப்ப போவமோ தெரியா."

"பென்ஷன் எடுத்த மனிசனுக்கு இன்னும் எங்க போற?"

வாப்பா சிரித்துவிட்டு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு ஐந்தாறு தரம் ஹாஜியார் கேட்டார். பத்து வருஷம் அதே பதில்தான். மூன்று வருஷத்துக்கு முந்தி வாப்பா மௌத்தானார். பள்ளி ஆட்கள் ஒன்றும் கேட்காமல் வந்து அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகாவது நான் போய் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

ஜஹானா இப்போது குண்டசாலையில் பாமசி ஒன்றில் நிற்கிறாள். அக்குறணையிலிருந்து ஹுதைபா என்று ஒருவர் தன் உம்மாவுக்குப் பிரஷர் குளிசை வாங்க வருவார். நல்ல மனிசன், நாற்பது வயசு, எலக்ட்ரிக் சாமான் கடை. நாலு மாதம் குளிசை வாங்கிவிட்டு, தன் தாய்மாமாவை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு பக்கமும் சரி. ஜஹானா முப்பத்தஞ்சு வயசில் முதல் தரம் ஒரு தேதியைக் கலண்டரில் வட்டம் போட்டாள்.

பிறகுதான் அந்த மாமா ஃபோனில் கூப்பிட்டார். "எங்கட பள்ளில பொண்ணுட மஹல்லாக் கடிதம் கேக்குறாங்க. வழமையானதுதான், கொண்டு வந்திடுங்க."

என் கல்யாணத்துக்கு யாரும் கடிதம் கேட்கவில்லை. வாப்பாவோடு வேலை செய்தவரின் மகளைத்தான் முடித்தேன். அந்தத் தைரியத்தில் ஹாஜியாரிடம் போனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவங்க எங்கட மஹல்லா, இன்னாருட மகள், முந்திக் கல்யாணம் முடிச்சதில்ல. இதத்தான் நான் எழுதணும். பதிமூணு வருஷத்துக்கு நான் சாட்சி. அதுக்கு முந்தின இருவத்திரண்டு வருஷத்துக்கு ஆரு?"

"நான் ஈக்கிறன்தானே ஹாஜி."

"நீங்க நாநா. கூடப் பொறந்தவன் சொல்றத கடிதத்துல எழுத ஏலாது. அனுராதபுரத்துப் பள்ளில ஒரு வரி வாங்கிட்டு வாங்க. மிச்சத்த நான் பாக்குறன்."

விடிய பஸ் ஏறினேன். அங்கே பள்ளியில் ஒரு வயசாளி இருந்தார். வாப்பாவின் பெயரைச் சொன்னேன். 

"ஜும்ஆவுக்கு யூனிபோர்மோட வந்து பின் வரிசையில நிப்பாரு. அவர்தானே?"

"அவர்தான்."

"அவர் மகள நான் எங்க கண்ட? நீங்க கேம்புக்குள்ள ஈந்த ஆக்கள். காணாத புள்ளைக்கு நான் எப்பிடி கையெழுத்து வெக்க, மகன்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. கேம்ப் கேட்டைத் தாண்டி ஜஹானா ஸ்கூலுக்கு மட்டும்தான் போவாள்.

அங்கிருந்து சோமலதா அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த நாளில் குவாட்டர்ஸில் பக்கத்து வீடு. அவருடைய புருஷனும் டிரைவர்தான். உம்மா மௌத்தான பிறகு ஜஹானாவுக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். அவளை மகள் என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னேன். உடனே உள்ளே போய்ப் பேனாவைக் கொண்டுவந்தார்.

"எங்க கையெழுத்து வைக்கணும்? அவள் பெரிய பிள்ளையானது எனக்குத் தெரியும். கல்யாணமா முடிச்சிருப்பா எனக்குத் தெரியாம?"

பள்ளிக்கு அது போதாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தாளில் அவர் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஹாஜியார் அதை இரண்டு தரம் வாசித்தார். "இந்த மனிசிக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்" என்றார். பிறகு தன்னால் முடிந்ததை எழுதினார்: இவர்கள் பதிமூன்று வருடமாக எமது பகுதியில் வசிக்கிறார்கள், நல்ல நடத்தை உள்ளவர்கள். மஹல்லா என்ற சொல் அதில் இல்லை.

இரண்டு தாளையும் அக்குறணைக்குக் கொண்டுபோனேன். மாமா வாசித்தார். சிங்களத் தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

"கோவிச்சுக்க வாணாம். நாங்க ஒண்டும் சந்தேகப்படல்ல. ஆனா ஊர்ல கேப்பாங்க, பொண்ணு எந்தப் பக்கமெண்டு. நான் என்னத்த சொல்ல?"

நான் வாயைத் திறந்தேன். அனுராதபுரம், தியத்தலாவை, பனாகொடை என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்தன. நிறுத்திக்கொண்டேன். ஹுதைபா உள்ளே கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

"ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும். பாப்பம்" என்றார் மாமா.

பெருநாள் முடிந்து ஆறு கிழமை. தியத்தலாவைப் பள்ளிக்கும் பனாகொடைப் பக்கத்துப் பள்ளிக்கும் போய்விட்டு வெறுங்கையோடு வந்தேன். மாமாவை இரண்டு தரம் ஃபோனில் கூப்பிட்டேன். ஒரு தரம் எடுத்தார், கடையில் சனம் என்றார். மற்றத் தரம் எடுக்கவே இல்லை.

நேற்று ஜஹானா வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நாநா, இனி ஒத்தரிட்டயும் போக வாணாம்."

"திருகோணமலை ஒண்டுதான் மிச்சம். ஞாயித்துக்கெழம போய்ட்டு வாறன்."

"அங்க நாம பத்து மாசந்தான் ஈந்த" என்றாள். "ஒத்தரும் மூஞ்சி கூட ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க."