மாமியார் பென்சனும் என் பாதிச் சம்பளமும்

பிப்ரவரிச் சம்பளம் வந்ததாகப் போனில் செய்தி விழுந்ததும், வேறு யாருடைய சம்பளமோ தப்பி என் கணக்குக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வழக்கமாக வருவதில் பாதிகூட இல்லை. காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப்பில் வேலை பார்க்கிறவள் நான். பி.எஃப். பிடிப்பார்கள், ஸ்கூட்டர் வாங்கிய அட்வான்சுக்குப் பிடிப்பார்கள். அதெல்லாம் பழகிப்போன கடி. ஆனால் வருமான வரி என்று என்னிடம் ஒரு பைசா பிடித்ததில்லை, அந்த உயரத்துக்கு என் சம்பளம் வளரவேயில்லை. இப்போது பிடித்தம் முழுக்க வரி. மார்ச்சிலும் இதே அளவு பிடிப்பார்களாம்.

வினை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் மாமனார் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகு மாமியாருக்கு அங்கிருந்து பென்சன் வருகிறது. அவரால் பேங்குக்கு அலைய முடியாது என்று என் பேரையும் சேர்த்து ஒரே கணக்கு. வேறு வருமானம் உண்டா என்று ஜனவரியில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேட்டிருந்தார்கள். மறைத்தால் நோட்டீஸ் வீடு தேடி வரும் என்று லேப் முழுக்க அதே பேச்சு. என் வீட்டுக்காரர் மாதா கோயில் கமிட்டியில் இருப்பவர், பொய் என்றாலே ஆகாது. உள்ளதை உள்ளபடி போட்டுவிடு என்றார். பென்சனைப் போட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

சம்பளம் வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் தெருமுனை வரைக்கும் போகும். உங்க அம்மா பென்சனால் என் சம்பளம் போச்சு என்று நான் சொன்னது, கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அத்தைக்குக் கேட்காமல் இருக்குமா? காலையில் பார்த்தால் கூடத்தில் பை. புடவைகள், ஜெபமாலை, மாத்திரை டப்பா எல்லாம் அதற்குள் போயிருந்தன.

"உன் சம்பளத்துல மண்ணள்ளிப் போடவா நான் இங்க இருக்கேன்? கோட்டுச்சேரியில மவ இருக்கா. பென்சனையும் அவ பேருக்கு மாத்திக்கிறேன்" என்றார். சாயங்காலம் மகள் ஆட்டோவோடு வருகிறாளாம். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. பிள்ளைகளை அவர் கையில் விட்டுவிட்டுத்தான் இத்தனை வருடம் நைட் ஷிப்ட் பார்த்திருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நேரே ஆபீஸ் கணக்குப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருக்கிற அம்மாவுக்கும் எனக்கும் எப்போதும் ஏட்டிக்குப் போட்டிதான். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வேறு வருமானம் என்று நான் போட்டிருந்த தொகையைக் கம்ப்யூட்டரில் காட்டி, "இது யாரோட காசு?" என்று கேட்டார்.

எங்களுதுதான் என்றேன்.

"எங்களுதுன்னா? யாருக்கு வருது?"

மாமியாருக்கு என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் சம்பளத்தையும் சேர்த்துப் போட வேண்டியதுதானே என்று ஒரு குத்து குத்திவிட்டு, பொறுமையாகச் சொன்னார். பேங்கில் என் பேர் சேர்ந்திருப்பதால் அந்தப் பென்சன் என் வருமானம் ஆகாது. அதைச் சேர்த்ததால்தான் வரி இல்லாத என் சம்பளம் எல்லையைத் தாண்டிவிட்டது. எடுத்துவிட்டால் எனக்கு வரியே கிடையாது. மார்ச்சில் வரி பிடிக்க மாட்டார்கள், பிப்ரவரியில் போனது ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். போன உயிர் வந்தது எனக்கு. அங்கேயே உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

பர்மிஷன் சொல்லிவிட்டு வீட்டுக்குப் பறந்தேன். நல்லவேளை, ஆட்டோ வந்திருக்கவில்லை. அத்தை வெளியே போகிற புடவை கட்டி, பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பென்சனுக்கும் என் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லையாம், தப்பு நான் எழுதினதுதான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் சமாளிக்கிறேன் என்று நினைத்தார்.

"படிச்சவ நீ. என் காசைப் போயி உன் காசுன்னு ஏன் எழுதுன?"

"எழுதறப்ப வேற வேறன்னு தோணலை அத்தை."

அத்தை போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். ஆட்டோ வேண்டாம், ராத்திரிக்கு மீன்குழம்பு இருக்கு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வா என்றார். பையை நான்தான் பிரித்தேன். புடவைகளுக்கு அடியில், நைட் ஷிப்டுக்கு நான் போட்டுக்கொள்ளும் பழைய ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. இது ஏன் இங்கே என்று கேட்டேன்.

உன்னுதுன்னு தோணலை என்றார்.